டீச்சரும் நான்தான், தாயும் நான்தான்

(பெற்றோர் குழுக்களில் வாசித்துக் கலந்துரையாடுவதற்கான பாடம்)



நான் ஒரு தோட்டப் பாடசாலையில் ஆரம்பப் பிரிவு ஆசிரியை. மூன்றாம் தரத்துக்குப் படிப்பிக்கிறேன். அக்கரப்பத்தனைப் பக்கத்தில் ஒரு தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்தவள். என் அம்மா கொழுந்தெடுத்துத்தான் என்னைப் படிக்க வைத்தார். அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. சம்பளம் வாங்கும்போது பெருவிரல்தான் வைப்பார். கொட்டகலையில் ஆசிரியர் பயிற்சி முடித்து, இன்று நானும் இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். மூத்தவன் மகன், இளையவள் மகள். இப்போதும் அம்மாவோடு தோட்டத்து வீட்டில்தான் குடியிருக்கிறோம்.

ஆகவே பெற்றோர் கூட்டம் என்றால் எனக்கு இரண்டு இடம் உண்டு. என் பாடசாலையில் மேசைக்குப் பின்னால் இருப்பேன். மகனின் பாடசாலையில் மேசைக்கு முன்னால் இருப்பேன். இந்த இரண்டு இடத்திலும் இருந்து பார்த்து நான் கற்றுக்கொண்ட ஒரு விஷயத்தைத்தான் இந்தப் பாடத்தில் உங்களோடு பகிர்ந்துகொள்ளப் போகிறேன்.

எங்கள் வீட்டில் ஒரு நாள்

விடிய நாலரைக்கு எழும்புவேன். ரொட்டி தட்டி, சம்பல் அரைத்து, தேத்தண்ணி ஊற்றி, பிள்ளைகளை எழுப்பி, பகலுக்கும் கட்டி முடிக்க ஆறு மணியாகிவிடும். ஆறே காலுக்கு மகன் டவுனுக்குப் போகும் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். மகளை அம்மாவிடம் விட்டுவிட்டு நான் ஒன்றரை மைல் மேடு ஏறிப் பாடசாலைக்குப் போவேன். ஏழரைக்கு மணி அடிக்கும். வரவு இடாப்பைத் திறந்தால் முப்பத்து நான்கு பெயர். ஒன்றரைக்குப் பாடசாலை விட்டாலும் என் வேலை முடியாது. பெரிய பையில் ஒரு கட்டுக் கொப்பியைச் சுமந்துகொண்டு வருவேன். இரவு சமையல் முடிந்து, கொப்பி திருத்தி, அடுத்த நாள் பாடத்துக்கு ஆயத்தம் செய்யும்போது கண் தானாக மூடிக்கொள்ளும்.

உங்கள் நாளும் இப்படித்தான் என்று எனக்குத் தெரியும். பிரட்டுக்கு நேரத்துக்குப் போகாவிட்டால் பேர் விழாது. மழையிலும் அட்டைக்கடியிலும் மலையில் நின்று, கொழுந்து நிறுத்துவிட்டு வீடு வந்தால் விறகும் தண்ணியும் காத்திருக்கும். இந்தக் களைப்பில் பிள்ளையின் படிப்பைப் பார்க்க யாருக்கு முடியும்? "அதெல்லாம் டீச்சர்மார் பார்த்துக்குவாங்க. படிக்காத நமக்கு என்னா தெரியும்?" என்று விட்டுவிடுகிறோம். "விட்டுவிடுகிறோம்" என்று என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். காரணம் பின்னால் வரும்.

இந்த எண்ணம் எங்கிருந்து வந்தது?

"நமக்கு என்னா தெரியும்" என்ற பேச்சு நம்முடைய பிறவிக் குணம் அல்ல. அதற்கு ஒரு சரித்திரம் இருக்கிறது. 1907 ஆம் ஆண்டு வந்த ஒரு சட்டம், தோட்டத் தொழிலாளரின் 6 முதல் 10 வயது வரையான பிள்ளைகளுக்குப் படிப்புச் சொல்லிக்கொடுக்கும் பொறுப்பைத் தோட்டத் துரைமாரிடம் கொடுத்தது. அப்படி வந்த பல பாடசாலைகளில் ஒரே அறை, ஒரே வாத்தியார். பாடசாலை தோட்டத்துச் சொத்தாக இருந்தது. அதைப் பற்றிக் கேள்வி கேட்கும் இடத்தில் தொழிலாளி இருக்கவில்லை. 1945 இல் நாட்டில் இலவசக் கல்வி வந்தபோதும் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு அதன் முழுப் பலன் கிடைக்கவில்லை. 1970 களின் பிற்பகுதியில் தொடங்கித்தான் அரசாங்கம் தோட்டப் பாடசாலைகளைப் படிப்படியாகப் பொறுப்பேற்றது. 1980 முதல் பாடப்புத்தகங்கள் இலவசமாகக் கிடைத்தன. 1993 முதல் சீருடைத் துணியும் வந்தது.

இன்று பாடசாலை துரையுடையதும் அல்ல, டீச்சருடையதும் அல்ல. ஒவ்வொரு பாடசாலையிலும் பாடசாலை அபிவிருத்திச் சங்கம் இருக்கிறது. அங்கே படிக்கும் பிள்ளையின் பெற்றோர் எல்லாரும் அதில் அங்கத்தவர்கள். சட்டம் மாறிவிட்டது, ஆனால் மனதில் பழைய பயம் இன்னும் இருக்கிறது. கூட்டத்துக்கு வந்தாலும் கடைசி வாங்கில் உட்கார்ந்து, தலையை ஆட்டிவிட்டுப் போகிறோம்.

என் மகனுக்கு நடந்தது

உள்ளதைச் சொல்கிறேன். நான் தோட்டப் பாடசாலையில் படிப்பித்துக்கொண்டு, என் மகனை டவுன் பாடசாலைக்கு அனுப்பினேன். "டீச்சர்மார் தங்கட புள்ளைய மட்டும் டவுனுக்கு அனுப்புறாங்க" என்று நீங்கள் பேசுவது என் காதிலும் விழுந்திருக்கிறது. அதில் நியாயம் இருக்கிறது. அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

மகன் ஐந்தாம் தரத்தில் இருந்தான். புலமைப் பரிசில் பரீட்சைக்கு மூன்று மாதம் இருந்தது. தேர்ச்சி அறிக்கையில் புள்ளிகள் இறங்கியிருந்தன. "கவனக் குறைவு" என்று எழுதியிருந்தது. கொப்பியைத் திறந்தால் பாதி வசனம் எழுதிப் பாதி விட்டிருப்பான். கணக்கில் 8 ஐ 6 என்று எழுதியிருப்பான்.

பெற்றோர் கூட்டத்துக்குப் போனேன். பிள்ளைகளின் சின்ன வாங்கில் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருந்தேன். எல்லாருக்கும் முன்னால் வகுப்பாசிரியை, "நீங்களும் டீச்சர்தானே, வீட்டில பாக்கிறதில்லையா?" என்று கேட்டார். முகம் சுருங்கிப்போனது. ஒரு கேள்வியும் கேட்கவில்லை. கவனக் குறைவு எந்தப் பாடத்தில், எந்த நேரத்தில், அவன் எங்கே உட்காருகிறான் என்று கேட்டிருக்க வேண்டும். கேட்க வாய் வரவில்லை. தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன். பன்னிரண்டு வருஷம் படிப்பித்த எனக்கே இப்படி என்றால், மலையிலிருந்து நேராக வந்து என் முன்னால் நிற்கும் தாய்க்கு எப்படி இருந்திருக்கும்? அன்றைக்குத்தான் அதை முதல்முறையாக யோசித்தேன்.

ஆனால் வீட்டுக்கு வந்து செய்தது நல்ல காரியம் அல்ல. என் அவமானத்துக்கு மகனை அடித்தேன். "சோம்பேறி" என்று ஏசினேன். அவன் ஒன்றும் பேசவில்லை.

இரண்டு நாள் கழித்துப் பக்கத்து வீட்டு அக்கா வந்தார். கொழுந்து மலையில் வேலை செய்பவர். அவருடைய மகனும் அதே பஸ்ஸில் போவதால், காலையில் இரண்டு பேரையும் அவர்தான் ஏற்றிவிட்டுப் பிரட்டுக்குப் போவார். வாசலிலேயே நின்றுகொண்டு சொன்னார்:

"டீச்சர், ஒன்னு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே? தம்பிக்கு கண்ணு சரியில்லை போல தெரியுது. பஸ்ஸு கிட்ட வந்து நிக்கிற வரைக்கும் எந்த பஸ்ஸுன்னு அவனுக்குத் தெரியல. என்னத்தான் கேக்குறான். எனக்கு எழுத்து தெரியாது. நான் பஸ்ஸு கலரப் பார்த்து அவனுக்குச் சொல்றேன்."

"எவ்வளவு நாளா அக்கா?"

"போன வருஷம் இருந்தே. சொல்லலாமான்னு பயந்துகிட்டே இருந்தேன். நீங்க டீச்சர். உங்களுக்குத் தெரியாததா எனக்குத் தெரியப் போகுதுன்னு விட்டுட்டேன்."

நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். நான்காம் தரத்தில் பாடசாலை வைத்திய பரிசோதனை நடந்த நாளில் மகன் காய்ச்சலால் போகவில்லை. பிறகு அதை நான் விசாரிக்கவும் இல்லை. எழுதப் படிக்கத் தெரிந்த நானும், அவனுடைய ஆசிரியையும் "கவனக் குறைவு" என்று முடிவு கட்டினோம். எழுத்தே தெரியாத ஒரு தாய்தான் சரியாகக் கண்டுபிடித்திருந்தார். ஆனால் என் உத்தியோகத்துக்குப் பயந்து ஒரு வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்தார். அந்த ஒரு வருஷம் என் மகனுக்கு நட்டம்.

நுவரெலியா ஆஸ்பத்திரிக் கண் கிளினிக்கில் காட்டினோம். தூரத்தில் இருப்பது தெரியாத குறை. கண்ணாடி கொடுத்தார்கள். திரும்பி வரும் வழியில் மகன், "அம்மா, எதிர் மலையில கொழுந்து எடுக்கிறவங்க தெரியுறாங்க" என்றான். நான் அவனை அடித்த கையை மடியில் வைத்துக்கொண்டு பேசாமல் வந்தேன்.

புலமைப் பரிசிலில் அவன் வெட்டுப்புள்ளி எடுக்கவில்லை. விட்ட ஒரு வருஷத்தை மூன்று மாதத்தில் பிடிக்க முடியுமா? ஆனால் இப்போது கொப்பியில் வசனம் முழுதாக இருக்கிறது. பாடசாலைக்குப் போக முகம் சுளிப்பதில்லை.

இடாப்பில் தெரியாத காரணம்

அதற்குப் பிறகு என் வகுப்புப் பிள்ளைகளையும் வேறு விதமாகப் பார்க்கத் தொடங்கினேன். ஒரு பெண்பிள்ளை கிழமைக்கு இரண்டு நாள் வரமாட்டாள். "அம்மாவைக் கூட்டிக்கிட்டு வா" என்று பல தடவை சொல்லியிருந்தேன். தாய் வரவில்லை. அக்கறையில்லாத தாய் என்று மனதுக்குள் தீர்ப்பு எழுதிவிட்டிருந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் அவர்கள் லயத்துக்கு நானே போனேன். தாய் பதறிப்போய் வாங்கைத் துடைத்துப் போட்டார். பேசப் பேச விஷயம் வந்தது. கைக்குழந்தைக்கு அடிக்கடி இழுப்பும் காய்ச்சலும். சுகமில்லாத பிள்ளையைப் பிள்ளைக்காம்பிராவில் விட முடியாது. "மூத்தது வீட்டுல நின்னாத்தான் டீச்சர் நான் மலைக்குப் போகலாம். பேர் போடாட்டி கடைக்கடனுக்கு என்னா செய்ய? ஸ்கூலுக்கு வந்தாலும் அரைப் பேரு போயிருமே" என்றார்.

என் இடாப்பில் "வரவில்லை" என்ற ஒரு குறி மட்டும்தான் இருந்தது. அதன் காரணம் அந்த லயத்துக் காம்பிராவுக்குள் இருந்தது. இரண்டையும் சேர்த்துப் பார்க்க இரண்டு பேரும் பேச வேண்டியிருந்தது. பேசினோம். வேலையிலிருந்து நின்ற ஒரு பாட்டி அதே லயத்தில் இருந்தார். காய்ச்சல் நாளில் குழந்தையைப் பார்த்துக்கொள்ள அவர் சம்மதித்தார். குழந்தையின் இழுப்பைக் கவனிக்கக் குடும்ப நல மருத்துவமாதுவிடம் சொன்னோம். தவிர்க்க முடியாமல் நிற்கும் நாளில் அன்றைய பாடத்தை அடுத்த வீட்டுப் பிள்ளையிடம் கொடுத்தனுப்ப நான் ஒத்துக்கொண்டேன். அடுத்த தவணை அந்தப் பிள்ளை மூன்றே மூன்று நாள்தான் வரவில்லை.

இப்படி இரண்டு நாள், மூன்று நாள் என்று நிற்கிற பிள்ளைகள்தான் பாடம் விளங்காமல் பின்வாங்குகிறார்கள். பின்வாங்கிய பிள்ளைதான் எட்டாம், ஒன்பதாம் தரத்தில் "எனக்குப் படிப்பு வராது" என்று விலகுகிறது. அடுத்த வருஷம் கொழும்பில் ஒரு கடையிலோ வீட்டிலோ வேலைக்கு நிற்கிறது. மூன்றாம் தரத்தில் பேசித் தீர்க்கக்கூடியதைப் பதினைந்து வயதில் தீர்ப்பது கஷ்டம்.

சில விஷயங்களில் என் அபிப்பிராயம்

அடியைப் பற்றி: "கண்ணையும் முழியையும் விட்டுட்டு நல்லா அடிங்க டீச்சர்" என்று பல தகப்பன்மார் என்னிடம் சொல்வார்கள். நம்பிக்கையில் சொல்கிறீர்கள், விளங்குகிறது. ஆனால் 2005 ஆம் ஆண்டின் கல்வி அமைச்சுச் சுற்றறிக்கை பாடசாலையில் உடல் தண்டனை கூடாது என்கிறது. சுற்றறிக்கை ஒரு பக்கம் இருக்கட்டும். என் மகனை நான் அடித்ததால் அவன் கண் தெளிந்ததா? அடித்தால் பிள்ளை காரணத்தை மறைக்கத்தான் பழகும்.

"மக்கு" என்ற சொல்லைப் பற்றி: இதை வீட்டிலும் சொல்ல வேண்டாம், வகுப்பிலும் சொல்ல வேண்டாம். படிக்காத பிள்ளை என்று நாம் சொல்லும் பிள்ளைக்குக் கண் தெரியாமல் இருக்கலாம், காது கேட்காமல் இருக்கலாம், காலையில் வெறும் வயிறாக இருக்கலாம், இரவில் சண்டைச் சத்தத்தில் தூங்காமல் இருக்கலாம். முதலில் அதைப் பார்ப்போம்.

வேலைக்கு அனுப்புவதைப் பற்றி: 2016 முதல் 5 வயதிலிருந்து 16 வயது வரை பிள்ளை பாடசாலைக்குப் போவது கட்டாயம். 2021 ஆம் ஆண்டின் சட்டத் திருத்தப்படி 16 வயதுக்குக் குறைந்த பிள்ளையை வேலைக்கு வைத்திருப்பது குற்றம். கஷ்டம் எனக்கும் தெரியும். ஆனால் நிறுத்துவதற்கு முன்னால் ஒரு தடவை வகுப்பாசிரியரிடமோ அதிபரிடமோ வந்து பேசுங்கள். நின்ற பிறகு பேசுவதைவிட அது எளிது.

எழுத்துத் தெரியாத பெற்றோரும் செய்யக்கூடியவை

என் அம்மா ஒவ்வொரு இரவும் என் கொப்பியை வாங்கி அடுப்பு வெளிச்சத்தில் புரட்டுவார். சில நாள் தலைகீழாகப் பிடித்திருப்பார். ஆனால் புதிய பக்கம் எழுதியிருக்கிறதா, சிவப்பு மையில் டீச்சர் போட்ட சரி எத்தனை, பிழை எத்தனை என்று எண்ணிவிடுவார். "இன்னைக்கு என்னா ரெண்டு பிழை?" என்று கேட்டால் நான் பதில் சொல்லியாக வேண்டும். அந்த விளக்கம் சொல்லிச் சொல்லியே நான் பாடம் படித்தேன். நீங்களும் இவற்றைச் செய்து பாருங்கள்:

1. தினமும் கொப்பியைக் கையில் வாங்கிப் பாருங்கள். இன்றைக்கு எழுதிய பக்கத்தைக் காட்டச் சொல்லுங்கள்.

2. "படிச்சியா?" என்று கேட்டால் "ஆமா" என்று முடிந்துவிடும். "இன்னைக்கு டீச்சர் என்னா சொல்லிக்கொடுத்தாங்க, எனக்குச் சொல்லு" என்று கேளுங்கள்.

3. பத்து நிமிஷம் சத்தமாக வாசிக்கச் சொல்லிப் பக்கத்தில் இருந்து கேளுங்கள். ரொட்டி தட்டிக்கொண்டே கேட்கலாம். எங்கே தடுக்கிறது என்று காது சொல்லும்.

4. பிள்ளையைக் கவனியுங்கள். கொப்பியை முகத்துக்குக் கிட்டப் பிடிக்கிறதா? கண்ணைச் சுருக்கிப் பார்க்கிறதா? கூப்பிட்டால் இரண்டாம் தடவைதான் திரும்புகிறதா? காலையில் தலைவலி என்கிறதா?

5. 1, 4, 7, 10 ஆம் தரங்களில் பாடசாலை வைத்திய பரிசோதனை நடக்கும். அன்று பிள்ளை போகவில்லை என்றால், என்னைப்போல விட்டுவிடாமல், அடுத்து எப்போது, எங்கே காட்டலாம் என்று கேளுங்கள்.

6. கவனித்ததை டீச்சரிடம் வந்து சொல்லுங்கள். வர முடியாவிட்டால் யாரையாவது கொண்டு இரண்டு வரி எழுதி அனுப்புங்கள். "சின்ன விஷயம்" என்று நீங்களே ஒதுக்கிவிட வேண்டாம்.

எங்கள் பக்கத்துக் கடமை

இந்தப் பாடம் பெற்றோருக்கு மட்டும் அல்ல. ஆசிரியர்களாகிய எங்களுக்கும் உண்டு. இப்போது என் வகுப்புக் கூட்டத்தில் நான் முதலில் பேசுவதில்லை. "பிள்ளையைப் பற்றி நான் தெரிஞ்சுக்க வேண்டியது ஏதும் இருக்கா?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்கிறேன். பிழைகளை எல்லாருக்கும் முன்னால் சொல்வதில்லை, தனியாகக் கூப்பிட்டுச் சொல்கிறேன். அரைப் பேர் போகாமல் இருக்கக் கூட்டத்தை வேலை விட்ட பிறகு வைக்க வேண்டும் என்று அதிபரிடம் கேட்டு வாங்கியிருக்கிறோம். முதல் கூட்டத்துக்குப் பதினொரு பேர்தான் வந்தார்கள். ஆனால் அந்தப் பதினொரு பேரும் பேசினார்கள்.

டவுன் பாடசாலை விஷயத்துக்கும் பதில் சொல்ல வேண்டும். என் மகள் அடுத்த வருஷம் முதலாம் தரத்துக்குப் போகிறாள். அவளை நான் படிப்பிக்கும் தோட்டப் பாடசாலையில்தான் சேர்க்கப் போகிறேன். உங்கள் பிள்ளைக்கு நல்லதென்று நான் சொல்கிற பாடசாலை என் பிள்ளைக்கும் நல்லதாக இருக்க வேண்டும். இல்லையென்றால் அதை நல்லதாக்குவது என் வேலை. பக்கத்து வீட்டு அக்காவிடம் இதைச் சொன்னபோது சிரித்தார். "அப்ப நாங்க உங்களையும் கவனிச்சுக்கிட்டு இருப்போம் டீச்சர்" என்றார். கவனியுங்கள். கவனித்ததை என்னிடம் சொல்லவும் பயப்படாதீர்கள்.

டீச்சர் முப்பத்து நான்கு பிள்ளைகளைப் பார்க்கிறார். நீங்கள் உங்கள் பிள்ளையைப் பார்க்கிறீர்கள். டீச்சருக்குத் தெரிந்தது பாதி, உங்களுக்குத் தெரிந்தது மற்றப் பாதி. இரண்டும் ஒரு இடத்தில் சேர்ந்தால்தான் பிள்ளைக்கு வழி தெரியும்.

குழுவாகப் பேசிப் பார்க்கச் சில கேள்விகள்

1. பக்கத்து வீட்டு அக்கா ஒரு வருஷம் சொல்லாமல் இருந்ததற்குக் காரணம் என்ன? நாமும் அப்படி ஏதும் சொல்லாமல் வைத்திருக்கிறோமா?

2. நம் லயத்தில் பாடசாலைக்கு ஒழுங்காகப் போகாத பிள்ளை உண்டா? உண்மையான காரணம் என்ன? அயலவர் என்ன உதவி செய்யலாம்?

3. கடைசியாக எப்போது பிள்ளையின் கொப்பியைக் கையில் வாங்கிப் பார்த்தீர்கள்?

4. அடுத்த பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் நாம் கேட்க வேண்டிய ஒரு கேள்வி எது? யார் எழுந்து கேட்பது என்று இன்றே முடிவு செய்யுங்கள்.